பாதி உழவில் நிற்கும் டிராக்டர்... பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை!

கேள்வி: ''உழவு ஓட்டும்போது அரை மணி நேரத்தில் இழுவை குறைந்து, டிராக்டர் தானாக நின்றுவிடுகிறது. 10 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால், மறுபடி ஓடுகிறது. டீசல் பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். மழைக்கு முன் உழவை முடிக்க வேண்டும். வேறு வழி உண்டா?''

- வாசகர், விருதுநகர் மாவட்டம்.

பதில்: பம்பில் கை வைப்பதற்கு முன், செலவே இல்லாமல் பார்க்கக்கூடிய சில இடங்கள் இருக்கின்றன. டீசல் எஞ்சின் ஓட டீசல், காற்று இரண்டும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். நிற்கும் நேரத்தில் புகையைக் கவனித்தால், எதில் தடை என்பது ஓரளவு தெரிந்துவிடும். கரும்புகை கக்கித் திணறி நின்றால், ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம். அல்லது கலப்பை அளவுக்கு மீறி ஆழமாக இறங்கியிருக்கலாம். புகை குறைந்து, விட்டுவிட்டு இழுத்து, பிறகு நின்றால் டீசல் போய்ச் சேரவில்லை என்று பொருள். சற்று நேரம் கழித்து மறுபடி ஓடுவதும் இதையே காட்டுகிறது. பம்ப் தேய்ந்த வண்டி பெரும்பாலும் சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கும்; எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிடிக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, டேங்க் மூடி. டீசல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை இருக்கும். உழவுப் புழுதியில் அது அடைத்துக்கொண்டால், டீசல் இறங்காது. அடுத்த முறை வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், கோளாறு அங்கேதான். மூடியை டீசலில் கழுவி, துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தால் போதும்.

சத்தம் இல்லையென்றால், டேங்கில் இருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயை எஞ்சின் ஆறிய பிறகு கழற்றி, டீசலை ஒரு வாளியில் பிடியுங்கள். டேங்க் உயரத்தில் இருக்கும் வண்டிகளில் அது தானாகவே வழியும். முதலில் வேகமாக வந்து, போகப்போக மெலிந்தால், டேங்கின் அடியில் கிடக்கும் கசடு வாயை மூடுகிறது. வண்டி நின்றதும் கசடு விலகிவிடும். அதனால்தான் 10 நிமிடத்தில் மறுபடி ஓடுகிறது. டேங்கை முழுவதுமாக வடித்து, அலச வேண்டும். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

பிடித்த டீசலில் கொஞ்சத்தை கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். அப்படியானால் பில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பில்டர் மாற்றும் கெடு தாண்டியிருந்தால், உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, காற்று நுழைவது. ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஹோஸ் வெடித்திருந்தாலோ, வாஷர் நசுங்கியிருந்தாலோ டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே ஈரம் தெரியாமலே வண்டி நிற்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பில்டர் மேலுள்ள ஏர் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். முதலில் நுரையோடு டீசல் வரும். குமிழி இல்லாமல் வரும்வரை அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். பிறகு, டீசல் பம்பில் உள்ள திருகிலும் இதேபோல ஏர் எடுக்க வேண்டும். எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லை என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் ஓட்டை. புது வாஷர், புது கிளிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயைத் தளர்த்தி, விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது மிகவும் ஆபத்து. அங்கே வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காமன் ரெயில் எஞ்சின் உள்ள புதிய வண்டிகளில், டீசல் குழாய்களை வீட்டில் கழற்றவே கூடாது.

பம்ப் வரை டீசல் சுத்தமாகவும் குமிழி இல்லாமலும் வந்து, அதன் பிறகும் வண்டி நின்றால் மெக்கானிக்கிடம் போகலாம். ஃபீட் பம்பை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் பம்பைத்தான் பிரிக்க வேண்டும் என்றால், கேலிபரேஷன் மெஷின் உள்ள பட்டறையில் மட்டும் பிரிக்க வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கோளாறு தீரும்வரை டிரெய்லரில் பாரம் ஏற்றி ரோட்டுக்குப் போக வேண்டாம். மேட்டில் நின்றுவிட்டால் வண்டி பின்னோக்கி உருளும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில், எஞ்சின் நின்றதும் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். தவிர்க்க முடியாமல் போனால், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பூட்டி, சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கட்டையோடு போங்கள்.

இனிமேல் கேனில் வாங்கும் டீசலை வலை வைத்த புனலில் வடிகட்டி ஊற்றுங்கள். கேனின் அடிக்கசடை டேங்கில் கவிழ்க்காதீர்கள். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் உள்ளே நீர் கோப்பது குறையும்.