பையன் மேல் பழி போட்டேன்!

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் தினமும் ஒரு சண்டை. ப்ளஸ் ஒன் முடித்த என் மகன், சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஆட உட்கார்ந்துவிடுவான். இருபது நிமிஷம் ஆகும். 'டப்'பென்று எல்லாம் அணைந்து போகும்!

"அம்மா, நான் ஒண்ணும் பண்ணலை. தானா அணைஞ்சு போச்சு!" என்பான்.

நான் நம்பினால்தானே! "கண்டதையும் உள்ளே இறக்கி வெச்சுக் கெடுத்துட்டே" என்று திட்டினேன். இவரும் சேர்ந்துகொண்டு, "இனிமே அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் பையன் என்னோடு பேசவே இல்லை. ஒரு கடையில் போன் செய்து கேட்டேன். பெட்டியைப் பார்க்காமலே, "எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும், மாத்தணும், நாலாயிரம் ஆகும்" என்றார்கள். எனக்குப் 'பகீர்' என்றது.

அந்தச் சமயம் பார்த்து என் தம்பி வந்து சேர்ந்தான். இந்த மாதிரி வேலைகளில் கெட்டிக்காரன். "லெட்டர் டைப் அடிச்சா, சினிமா பார்த்தா அணையுதா அக்கா?" என்று கேட்டான். இல்லை, விளையாடினால் மட்டும்தான்.

"அப்போ முதல்லே சூட்டைப் பார்க்கணும். டைப் அடிக்கறது ஒரு அடுப்பை 'சிம்'மிலே வெக்கிற மாதிரி. விளையாட்டுன்னா எல்லா அடுப்பும் முழுசா எரியற மாதிரி. ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டும் சேர்ந்து கொதிக்கும். சூடு எல்லை மீறினா, கருகிப் போகாம இருக்கத் தானே அணைஞ்சுக்கும். குக்கர்லே சேஃப்டி வால்வு மாதிரி" என்றான்.

சூட்டைக் காட்டும் இலவச ஸாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு, பையனை ஆடச் சொன்னான். 98 டிகிரி வரை ஏறியது. அணைந்தது! பல ப்ராசஸர்களுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் எல்லையாம்.

பெட்டியை இழுத்துப் பார்த்தவன், "இதை யாரு போட்டது?" என்றான். நான் ஆசையாய்ப் பூவேலை செய்து தைத்த உறை! அழகாக இருக்கட்டும் என்று மேலே போட்டு, பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியும் வைத்திருந்தேன். சூடான காற்று வெளியே போகிற வழியே மேலும் பின்னாலும்தான். குற்றவாளி நான்தான்!

உள்ளே தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டு, புது பெயிண்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுத்தான். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டான். ஈரத்துணி கூடவே கூடாது. ப்ராசஸர் மேல் காய்ந்து போயிருந்த பசையைத் துடைத்து, புதிதாகப் பட்டாணியளவு வைத்தான். மறுபடி ஆடினார்கள். 76 டிகிரியைத் தாண்டவில்லை. நாலாயிரம் மிச்சம்.

"சூடு ஏறாமலே, ஆட ஆரம்பிச்ச உடனே அணைஞ்சா, அப்போதான் எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சந்தேகப்படணும். தீயற வாசனை வந்தாலும் அப்படித்தான். கடைக்காரர் வேறே ஒண்ணைப் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பெட்டியை மட்டும் நீங்க திறக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்."

இன்னொன்றும் காட்டினான். கம்ப்யூட்டரைச் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பலகையில்தான் நான் இஸ்திரிப் பெட்டியையும் போடுவேன். தொட்டால் சுட்டது! அதன் ப்ளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. தீப்பிடித்திருந்தால்? இப்போது கம்ப்யூட்டருக்குச் சுவரிலேயே எர்த் உள்ள தனி ப்ளக். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். உடனே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், சகோதரிகளே!

இப்போது மாதம் ஒரு முறை, பூஜை அறையைத் துடைக்கிற கையோடு அந்தப் பெட்டியின் வெளித் துவாரங்களையும் தூசி தட்டுகிறேன். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம்.

அன்று ராத்திரி பையனிடம், "தப்பு என் மேலேதாண்டா, மன்னிச்சுக்கோ" என்றேன். இரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"பரவாயில்லேம்மா. அந்த உறையை டி.வி.க்கு மட்டும் போட்டுடாதே!"