பூட்டைத் திறந்தது கேமரா அல்ல

சென்ற வாரம் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். மனநல விடுதிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். விளக்கம் சொன்னவர், “இத்தாலியில் மனநோய் விடுதிகளை மூடவைத்தது ஒரு புகைப்படப் புத்தகம்தான்” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் வெளியே வந்தால் கதவு தானாகத் திறந்துவிடும் என்று இன்னும் எத்தனை காலம் நம்பிக்கொண்டிருப்பது?

அவர் சொன்ன புத்தகம் 1969-ல் வந்தது. படங்கள் கார்லா செராட்டியும் ஜானி பெரெங்கோ கார்தினும் எடுத்தவை. மொட்டைத் தலைகள், விடுதிச் சீருடை, இரு கைகளிலும் முகம் புதைத்த மனிதர்கள். அருமையான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் படமெடுத்த ஊர்களில் ஒன்று கொரீசியா. அங்கிருந்த மனநோய் விடுதிக்கு 1961-ல் இயக்குநராக வந்தார் டாக்டர் ஃபிராங்கோ பசாலியா. முதல் நாளே ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். கட்டிப்போடப்பட்ட நோயாளிகளின் பட்டியல் அது. இயக்குநர் கையெழுத்திட வேண்டும். போடமாட்டேன் என்றார். அந்த அறையில் எந்தக் கேமரா இருந்தது? அதன் பிறகு வேலிகள் போயின, வார்டுகள் திறந்தன, நோயாளிகள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கேமராக்கள் வந்தது 1968-ல். அந்தப் புத்தகத்தைத் தொகுத்ததே பசாலியாவும் அவர் மனைவியும்தானே என்பார்கள். ஆமாம், கொரீசியாவில் கதவைத் திறந்துவிட்டுத் தொகுத்தார்கள். விடுதிகளுக்கு முடிவு கட்டிய 180-ஆம் எண் சட்டம் வர 1978 ஆயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டும் போராடியவர்கள் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள்.

பார்த்தாலே மனம் மாறும் என்றால் ஏர்வாடியில் மாறியிருக்க வேண்டாமா? சங்கிலியில் கிடந்த மனநோயாளிகளை அங்கே போனவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பிடித்து, ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்த பிறகுதான் அரசு அசைந்தது.

இன்னொரு வயிற்றெரிச்சல். கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயர் இருந்தது. படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று ஒரு வரிகூட இல்லை. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். சங்கிலியால் கட்டுவதையும் அது தடை செய்கிறது. நோயாளியைக் கட்டுப்படுத்தி வைத்த ஒவ்வொரு சம்பவத்தையும் மாதந்தோறும் மனநல ஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது.

உங்கள் ஊர் விடுதிக்குக் கேமராவோடு போகிறவர்களே, சென்ற மாத அறிக்கை வாரியத்துக்குப் போனதா என்று முதலில் கேளுங்கள்.