தேர்வுக்கு முன் நாற்பது நாள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து திருப்புதல் தேர்வுகளும் தொடங்கிவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள இல்லங்களில் வாழ்க்கை முறையே மாறிவிடுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டி துணி போர்த்திக்கொள்கிறது. கைப்பேசி அலமாரிக்குள் பூட்டப்படுகிறது. உறவினர் வாசலிலேயே பேசி அனுப்பப்படுகின்றனர். "இன்று எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்னும் கேள்வி மட்டும் நாள்தோறும் ஓயாது ஒலிக்கிறது. பெற்றோரின் அக்கறையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அந்தக் கேள்வியே பொருத்தமற்றது என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

மணிக்கணக்கு, பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருந்த நேரத்தைக் காட்டுமேயன்றி, உள்ளத்தில் தங்கியது எவ்வளவு என்பதைக் காட்டாது. எர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். முடிவுகளை 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் மணி நேரத்திலேயே நழுவிவிடுகிறது; அதன்பின் மறதியின் வேகம் தணிகிறது. ஒரு நாள் கழித்து அதே வரிசையைத் திரும்பக் கற்றபோது, முதலில் பட்ட பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவருக்கு மிச்சமாயிற்று. நம் பிள்ளைகளின் பாடங்கள் பொருளற்ற அசைகள் அல்ல. (சில பாடங்களைக் குறித்துப் பிள்ளைகள் வேறு கருத்துக் கொண்டிருக்கலாம்!) எனினும், ஒருமுறை படித்ததை அப்படியே விட்டுவைத்தால் அது தங்காது என்பது எல்லாப் பாடத்திற்கும் பொருந்தும்.

அவ்வாறெனில் பலமுறை படித்தால் போதுமா? அமெரிக்க நாட்டு ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே நமக்கு உதவுகின்றது. மாணவரில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். இன்னொரு பிரிவினர் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது, நான்கு முறை படித்தவர்களே முந்தினர்: 83 விழுக்காட்டிற்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று. படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 விழுக்காடே எஞ்சியது. பாராமல் எழுதியவர்களிடம் 61 நின்றது. திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளைக்கு 'எல்லாம் தெரியும்' என்னும் நிறைவு அன்றிரவே வந்துவிடுகிறது. தேர்வோ அன்றிரவு நடைபெறுவதில்லை.

திண்ணைப் பள்ளியில் ஒப்பித்தே வளர்ந்த நம் முன்னோருக்கு இச்செய்தி வியப்பளித்திராது. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லுதல், எழுதுதல், வரைந்து காட்டுதல் ஆகிய இவைதாம் படிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட இதற்குத் துணை நிற்கலாம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "இன்று படித்ததை எனக்குப் புரியும்படி சொல், கேட்போம்" என்று அவள் கேட்கட்டும். மின்மோட்டார் எவ்வாறு சுழல்கிறது என்பது அவளுக்கு விளங்கிற்றென்றால் பிள்ளைக்கும் விளங்கிற்று என்று கொள்ளலாம். விளங்கவில்லையேல், மறுநாள் எதைப் படிக்கவேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இனி, திட்டத்தைக் காண்போம். தேர்வுக்கு நாற்பது நாள் இருப்பதாகக் கொள்வோம். பள்ளி நாளில் காலையும் மாலையும் சேர்ந்து வீட்டில் நான்கு மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. பதினான்கு மணி நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவது மூன்றாம் நாளே கிழிந்துபோகும் வேலை. முதல் முப்பது நாளில் பாடங்கள் யாவும் முடியுமாறு பங்கிட்டுக்கொள்ளவேண்டும். இன்று கற்ற பாடத்தை நாளை பத்து நிமிடம் பாராமல் எழுதுக. நான்காம் நாள் ஒருமுறை, பத்தாம் நாள் ஒருமுறை மீண்டும் எழுதுக. ஆகவே ஒவ்வொரு நாளும் தொடக்க நேரம் பழைய பாடத்திற்கே உரியது. ஒரே பாடத்தை மாலை முழுதும் பிடித்துக்கொண்டிராமல், முக்கால் மணிக்கொருமுறை எழுந்து நடந்து, பாடத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இறுதிப் பத்து நாளில் புதிய பாடம் எதுவும் வேண்டா.

கணக்கென்றால் நடுங்கும் பிள்ளைக்கு ஒரு சொல். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் 8 மதிப்பெண் வினாக்கள் இரண்டு. ஒன்று வடிவியல் வரைதல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் 16 இங்கேயே உள்ளது. இருபது நாள், நாளுக்கொரு படம் வரைந்த பிள்ளை, தேர்வறையில் அளவுகோலைக் கையிலெடுக்கும்போதே பாதி அச்சத்தைக் கடந்துவிடும்.

திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் நேரம் இருந்தாலன்றோ பயன்படும்? நம் இல்லங்கள் பலவற்றில் மகனுக்கு மேசையும் பாலும் வந்து சேர்கின்றன. அதே தேர்வை எழுதவிருக்கும் மகள் தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பியை உறங்கவைத்த பிறகே புத்தகத்தைத் தொடுகின்றாள். அப்போது மணி ஒன்பதரை. அவளுக்குக் கிடைப்பது நாளின் களைத்த பகுதி மட்டுமே. அவள் பெறும் மதிப்பெண் குறைந்தால், "படிப்பில் நாட்டமில்லை" என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றோம். பெற்றோரே, நாற்பது நாள் மட்டுமேனும் அந்த வேலைகளைத் தந்தையும் மகனும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாதா? நாளொன்றுக்கு ஒன்றரை மணி எனினும் அறுபது மணி நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.

உறக்கத்தைத் திருடிப் படிக்கச் செய்வதும் வேண்டா. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினர்க்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் பரிந்துரை. கற்றதை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதும் அந்நேரத்திலேதான்.

தேர்ச்சி தவறினால் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே, தேர்வுக்கு முன்பே, தந்தை தம் வாயால் சொல்லவேண்டும். முடிவு வெளியாகும் நாளில் சொல்லப்படும் ஆறுதல் சில வேளைகளில் காலங்கடந்துவிடுகிறது. "தோற்றாலும் நீ எங்கள் பிள்ளை" என்பதை முன்னரே கேட்ட பிள்ளைக்கு, இரவில் வயிறு கலங்காது; படித்ததும் நினைவில் நிற்கும்.

இறுதிப் பத்து நாளில் வரும் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே ஒரு தேர்வு நடக்கட்டும். பழைய வினாத்தாள் ஒன்று போதும். பத்து மணிக்கு அதைக் கையில் கொடுத்து, வாசிக்கப் பத்து நிமிடமும் விவரங்கள் நிரப்ப ஐந்து நிமிடமும் விட்டு, 10.15 முதல் 1.15 வரை எழுதச் செய்க. அதுவரை அடுப்படியில் தாளிக்கும் ஓசை தவிர வேறெந்த ஓசையும் வேண்டா.