வால்வு போச்சு பாஸ்!

பாம்பன் பக்கம் போற பஸ்ல கூட்டம் நெரியும். ஆனா, ஒரு சீட் மட்டும் காலியாவே இருக்கும். பக்கத்துல இருக்கிற பெரியவருக்குக் கால் வீங்கியிருக்கு, அவ்வளவுதான் காரணம். 'யானைக்கால்டா, ஒட்டிக்கும்' என்று ஒருத்தர் காதைக் கடிப்பார். ஒட்டாது பாஸ், தாராளமா உட்காருங்க!

மெக்கானிக்கல் மக்களுக்கு இது ஈஸியா புரியும். ரத்தக் குழாய் தவிர, நம்ம உடம்புல இன்னொரு பைப்லைன் ஓடுது. அதுதான் நிணநீர்க் குழாய். திசுக்களில் கசிகிற நீரை மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. இதயம் மாதிரி தனி மோட்டார் கிடையாது. குழாய் சுருங்குறதும், நடக்கும்போது கெண்டைச்சதை பிழியுறதும், உள்ளே வரிசையா இருக்கிற நான்-ரிட்டர்ன் வால்வுகளும்தான் நீரை மேலே ஏத்துது. க்யூலெக்ஸ் கொசு கொண்டுவருகிற நூல் மாதிரி புழு, அந்தக் குழாயில் நாலு முதல் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தும். குழாய் அகண்டு வால்வு போச்சுன்னா, நீர் காலிலேயே தங்கிடும். அதுக்கு ஒரு கடி பத்தாது, மாசக்கணக்கா கடி வாங்கணும்.

கொசுவே இல்லாமலும் வரும். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு சில அம்மாக்களுக்குக் கை வீங்கும். கதை அதேதான், இடம்தான் வேற.

சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல கதவைத் தட்டி விரல்ல ஊசி குத்தினா டென்ஷன் ஆகாதீங்க. புழுக்குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் பதுங்கிட்டு, கொசு கடிக்கிற நேரம் பார்த்துதான் வெளியே வரும். செம டைமிங்!

வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் டி.இ.சி. மாத்திரை என்பதை நம்ம கடலூர் மாவட்டத்தில் 1996-லேயே ஆரம்பிச்சுட்டாங்க. 2004-ல் அது தேசியத் திட்டமாச்சு. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிற இலங்கை, 2016-ல் இந்த நோயை ஒழிச்சதா உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றே வாங்கிடுச்சு.

சரி, ஏற்கெனவே வீங்கின காலுக்கு? மாத்திரை புழுவுக்குத்தான், போன வால்வைத் திருப்பித் தராது. அவங்களைப் படுக்கையில் தள்ளுறது அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல். கால் சிவந்து நெருப்பா கொதிக்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு வரும்னு பெரியவங்க சொல்வாங்க. பாவம் நிலா! விரலிடுக்கு வெடிப்பு வழியா நுழையுற பாக்டீரியாதான் வில்லன். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் இன்னும் ஏறும்.

தடுக்கிற வழி ரொம்ப சிம்பிள். தினமும் சோப்புப் போட்டு நல்ல தண்ணியில் கழுவணும். விரலிடுக்கை ஈரம் போக ஒத்தி எடுக்கணும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்கணும். காய்ச்சல் வந்தா மட்டும் எக்சர்சைஸுக்கு லீவு விட்டுட்டு டாக்டரிடம் ஓடணும். ஆனா, ராமநாதபுரத்துல குடம் தண்ணியைக் காசு கொடுத்து வாங்குற வீட்டுல, 'தினமும் காலைக் கழுவுங்க பாட்டி' என்று சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க!

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுறவங்க வெறுங்காலோட, சொட்டச் சொட்ட ஈரத்தில்தான் பிராகாரம் சுத்தணும். உங்க வீட்டுத் தாத்தாவுக்குக் கால் வீக்கம் இருந்தா, கடைசித் தீர்த்தம் முடிஞ்சதும் ஒரு பாட்டில் நல்ல தண்ணியும் காய்ஞ்ச துண்டும் எடுத்துட்டுப் போய் நில்லுங்க. விரலிடுக்கைத் துடைச்சுவிடுறதை நீங்களே பண்ணுங்க. அவரால குனிய முடியாது.