மணல் எடுத்த கடலையும் கணக்கில் சேருங்கள்

கொழும்புத் துறைமுக நகரம் பற்றிய விவாதம் பெரும்பாலும் சீனாவோடு நின்றுவிடுகிறது. நான் கேட்பது வேறொன்று: அந்த நிலத்துக்கான மணல் எங்கிருந்து வந்தது?

காலிமுகத்திடலுக்கு அருகே 269 ஹெக்டயர் நிலத்தை உருவாக்க, சுமார் 65 மில்லியன் கன மீற்றர் மணல் கடலடியிலிருந்து அகழப்பட்டது. 2014 செப்டெம்பரில் தொடங்கிய பணி, 2015 ஆட்சி மாற்றத்தின் பின் இடைநிறுத்தப்பட்டு, 2016 இல் மீண்டும் ஆரம்பமானது. 2019 ஜனவரியில் கடலை நிரப்பும் வேலை முடிந்தது.

மீன் பெருகும் இடங்கள் அழிகின்றன, கரை அரிக்கப்படுகிறது என்று 2016 இல் நீர்கொழும்பு மீனவர்கள் போராடினார்கள். அவர்களின் வாழ்வாதாரத்துக்கென 500 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. ஆனால் நிதி ஒதுக்குவது, முன்கூட்டியே சம்மதம் பெறுவதற்கு ஈடாகாது.

உயர் பாதுகாப்பு வலயங்களால் காணியையும் கரையையும் இழந்த நமக்கு இது புதிய கதையல்ல. மன்னாரில் கனிய மணல் அகழ்வை மக்கள் எதிர்ப்பதும் இதே காரணத்தால்தான். எந்த மணல் அகழ்வானாலும், அனுமதி வழங்கும் முன்பே சுற்றாடல் அறிக்கை அந்தக் கரையோர மக்களின் மொழியில் அவர்களின் கைக்குக் கிடைக்கவேண்டும். மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவேண்டும்.