ஒரு கையில் இடைநீக்கம், மறு கையில் மனநல ஆலோசனை!

2024 பிப்ரவரியில் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. காலைக் கூட்டத்திற்குச் சரியாக வரவில்லை என்பதற்காக முதலாண்டு மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. பெற்றோரை அழைத்துவந்து முதல்வரைச் சந்திக்க வேண்டும் என்றது. சந்திக்காதவர்களுக்கு இடைநீக்கம், இரண்டாம் பருவத் தேர்வு எழுதத் தடை என்று மின்னஞ்சல் அனுப்பியது. கல்லூரி ஆசிரியர்களிலேயே பலர் இதைக் கண்டித்தனர். கேரளத்தின் ஒரு மலையோரக் கிராமத்திலிருந்தோ, அப்போது எரிந்துகொண்டிருந்த மணிப்பூரிலிருந்தோ ஒரு தகப்பனார் வேலையை விட்டு, கடன் வாங்கி, ரயிலேறி வந்து, தன் மகன் காலையில் எழுந்திருக்கவில்லை என்பதற்காகக் கைகட்டி நிற்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி வாக்குரிமை பெற்ற ஒரு குடிமகனை இந்தக் கல்லூரி நடத்தும் முறை இது.

இன்று எந்தக் கல்லூரியைக் கேட்டாலும் மாணவர் மனநல ஆலோசனை மையம் இருப்பதாகவே சொல்வார்கள். ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்ற சுவரொட்டி தாழ்வாரத்தில் தொங்கும். அதே தாழ்வாரத்தின் அறிவிப்புப் பலகையில் வருகைப்பதிவு குறைந்தோர் பட்டியலும் தொங்கும். அச்சத்தை உற்பத்தி செய்யும் அலுவலகமும் அச்சத்திற்கு ஆறுதல் சொல்லும் அறையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும்போது, மாணவர் எந்த நம்பிக்கையில் அந்த இரண்டாவது அறையின் கதவைத் தட்டுவார்?

இது ஒரு கல்லூரியின் விவகாரம் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடெங்கும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். 2023இல் இந்த எண்ணிக்கை 13,892 ஆக உயர்ந்தது. நாளொன்றுக்கு முப்பத்தெட்டு இளம் உயிர்கள். 2022ஆம் ஆண்டின் மொத்தத் தற்கொலைகளில் 2,248 தேர்வுத் தோல்வியின் காரணமாக நிகழ்ந்தவை என்று அதே ஆவணம் பதிவு செய்கிறது.

தலைநகரத்திற்கு இதில் தனிப் பங்கு உண்டு. 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே, தில்லியின் புகழ்பெற்ற பெண்கள் கல்லூரி ஒன்றில் கணிதம் பயின்ற தெலங்கானா மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். ஒன்றிய அரசின் உதவித்தொகை வந்துசேரவில்லை. இணையவழி வகுப்புக்கு மடிக்கணினி வாங்க வழியில்லை. விடுதியை விட்டு வெளியேற வேண்டிய நெருக்கடி வேறு. குடும்பத்திற்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணம் அவரை அரித்தது. 2023இல் தில்லி ஐஐடியில் தலித் மாணவர் இருவர் இரண்டு மாத இடைவெளியில் இறந்தனர். முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யவே அந்தப் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் தில்லியின் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பு மாணவர், ஆசிரியர்கள் தன்னை நடத்திய விதத்தை எழுதிவைத்துவிட்டு இறந்தார். அதன் பிறகே பள்ளியில் நால்வர் இடைநீக்கம் செய்யப்பட்டனர், தில்லி அரசு விசாரணைக் குழு அமைத்தது.

இவர்களில் எவருக்கேனும் ‘மன உறுதி’ போதவில்லை என்று சொல்லத் துணிபவர் யார்? மாணவிக்குத் தேவைப்பட்டது உரிய நேரத்தில் உதவித்தொகையும் ஒரு மடிக்கணினியும் விடுதியில் ஓர் இடமும். அவற்றைத் தராமல், மூச்சுப் பயிற்சி சொல்லித்தர ஓர் ஆலோசகரை அனுப்புவது ஏமாற்று.

செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1881இல் கேம்பிரிட்ஜ் மறைப்பணியினர் தொடங்கிய கல்லூரி அது. 1904இல் அங்கு ஆசிரியராக வந்தவர் சி.எஃப். ஆண்ட்ரூஸ். 1906இல் முதல்வர் பதவிக்கு ஓர் ஆங்கிலேயர் வர வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, இந்தியரான சுசில் குமார் ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று வாதாடியவர் அவர். பின்னாளில் ஏஐடியுசியின் தலைவராக 1925லும் 1927லும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை நம் தோழர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். 1915இல் ஆண்ட்ரூஸும் அவரது நண்பர் பியர்சனும் ஃபிஜித் தீவுக்குச் சென்றனர். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக அடைபட்டிருந்த இந்தியர்களிடையே, சென்னைத் துறைமுகம் வழியே போன நம் மக்களும் அவர்களில் உண்டு, தற்கொலைகள் அச்சமூட்டும் அளவில் நிகழ்ந்துகொண்டிருந்தன. தோட்ட முதலாளிகளும் காலனி அதிகாரிகளும் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: பெண்கள் குறைவு, ஆண்களிடையே பொறாமை, கூலிகளின் குணக்கேடு. ஆண்ட்ரூஸும் பியர்சனும் 1916இல் வெளியிட்ட அறிக்கை அந்தத் தற்கொலைகளை ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான சாட்சியமாக முன்வைத்தது. கூலிகளுக்கு ஆறுதல் சொல்லப் பாதிரியார்களை அனுப்புங்கள் என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அந்த முறையையே ஒழியுங்கள் என்றார்கள். இந்தியாவில் எழுந்த எதிர்ப்பின் முன் 1917இல் ஆளெடுப்பு நின்றது. 1920 தொடக்கத்தில் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின.

ஆண்ட்ரூஸ் மார்க்சியர் அல்லர், ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் ஒரு கூட்டம் மக்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தால் காரணத்தை அவர்களின் நெஞ்சுக்குள் மட்டும் தேடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பாடம் நடத்திய கல்லூரியை இன்று ஆள்பவர்களுக்கு இது தெரியாதா?

கல்வி வளாகத்தின் இன்றைய ‘முறை’ என்ன? வாயிலிலேயே தொடங்குகிறது அது. 2022இல் பொது நுழைவுத் தேர்வு வந்தபோது, எல்லா மாணவருக்கும் நேர்காணலுக்கு 15 விழுக்காடு மதிப்பெண் வைத்தே தீருவோம் என்று செயின்ட் ஸ்டீபன்ஸ் நிர்வாகம் நீதிமன்றம் சென்றது. கிறிஸ்தவர் அல்லாத மாணவர்களுக்கு நேர்காணல் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. நேர்காணல் யாரை வடிகட்டும் என்பது நமக்குப் புதிதல்ல. ஜே.என்.யூ.வில் வாய்மொழித் தேர்வில் பாகுபாடு இருப்பதை அப்பல்கலைக்கழகத்தின் நஃபே குழுவே கண்டறிந்து, அதன் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கச் சொன்னது. மோடி அரசின் யுஜிசி 2016 மே மாத அறிவிக்கையின் மூலம் அதற்கு நேர்மாறாக வாய்மொழித் தேர்வையே முழுமையாக்கியது. 2017 மார்ச்சில் தில்லியில் இறந்துகிடந்த சேலத்துத் தலித் ஆய்வு மாணவர் கடைசியாகப் பதிவிட்டது எதைப் பற்றி? ஆய்வுப் படிப்புச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்பதைப் பற்றித்தான். அவருடைய மரணம் குறித்துக் குடும்பத்தார் எழுப்பிய ஐயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அவர் எழுதியது ஓர் அரசியல் குற்றச்சாட்டு. அதை ‘மன அழுத்தம்’ என்ற கோப்பில் போட்டு மூடினார்கள்.

2014 முதல் 2021 வரை ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட ஒன்றிய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் 122 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக நாடாளுமன்றத்தில் கல்வி அமைச்சரே தெரிவித்தார். அவர்களில் 24 பேர் தலித்துகள், 3 பேர் பழங்குடியினர், 41 பேர் இதர பிற்படுத்தப்பட்டோர். பாதிக்கும் மேல். எய்ம்ஸ் மருத்துவமனையில் நிலவிய சாதிப் பாகுபாட்டைத் தோரட் குழு 2007லேயே அம்பலப்படுத்தியது. ரோஹித் வெமுலா இறந்து பத்தாண்டுகள் ஆகின்றன. 2026 ஜனவரியில் யுஜிசி ஒருவழியாகச் சமத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. ஆதிக்கச் சாதியினரின் கூச்சல் எழுந்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் பத்து பேர் கொண்ட ஒரு சமத்துவக் குழுவைக்கூட எந்தக் கல்லூரியும் அமைத்திருக்க முடியாது.

ஆசிரியர்களின் நிலை என்ன? தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் தற்காலிக ஒப்பந்தத்தில் உழைத்த பலர் நேர்காணல் என்ற பெயரில் வெளியேற்றப்பட்டார்கள். இந்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்து, இவ்வாறு வேலையிழந்த இளம் ஆசிரியர் ஒருவர் 2023 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். வரும் பருவத்தில் தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஆசிரியர், முகம் வாடிய மாணவரை அழைத்து ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்பார் என எதிர்பார்க்கிறோம். நான்காண்டுப் பட்டப்படிப்பு, அடுத்தடுத்துப் பருவத் தேர்வுகள், வாராவாரம் உள்மதிப்பீடு என்று அவர் தலையிலும் ஏற்றியாகிவிட்டது.

இனி நம் பக்கத்தையும் பார்ப்போம். மனநலம் என்பது நடுத்தர வர்க்கத்தின் சொகுசு, போராட்டக் களத்திற்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான். அது தவறு. மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை வேண்டும், முழக்கம் அதற்கு மருந்தாகாது. காசநோய்க்குக் காரணம் வறுமையும் குடிசையும்தான் என்பதற்காக, புரட்சி வரும்வரை மாத்திரை வேண்டாம் என்று சொல்வோமா? நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்கிறது கணக்கு. குறைந்தது 3 பேராவது வேண்டும். ஆலோசனை வேண்டாம் என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. யாருடைய ஆலோசனை, யாருடைய கட்டுப்பாட்டில், எந்த மொழியில் என்பதே நம் கேள்வி.

சட்டம் ஓரளவு நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. தில்லி ஐஐடி மாணவர்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் இறந்த வழக்கில் 15 நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமித்தாக வேண்டும். ஆசிரியர்களும் ஊழியர்களும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி பெற வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவரைப் பிரிக்கக் கூடாது. 14416 என்ற டெலி-மானஸ் உதவி எண்ணைக் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் நூறு பேருக்கு மேல் என்றால் எத்தனை பேர்? நூற்றைம்பது பேர் படிக்கும் நிறுவனத்திற்கும் ஒருவர், நாலாயிரம் பேர் படிக்கும் கல்லூரிக்கும் ஒருவர் என்றால் போதுமா? அந்த ஒருவரும் வாரத்தில் இரண்டு நாள் வந்து போகும் ஒப்பந்த ஊழியராக இருந்தால், முதல்வரின் கையெழுத்தில்தான் அவர் பிழைப்பு ஓடும் என்றால், மாணவர் சொன்ன ரகசியம் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? ஆகவே ஆலோசகர் பணி நிரந்தரப் பணியாக வேண்டும், அவர் கல்லூரி நிர்வாகத்திற்கு அல்லாமல் பல்கலைக்கழக அளவிலான ஒரு சுயேச்சையான அமைப்புக்குப் பொறுப்பாக வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் பக்கம் அவர் தலைகாட்டக் கூடாது. மொழியும் முக்கியம். திருப்பூரிலிருந்து தில்லிக்கு வந்த மாணவர் விடைத்தாளை ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். இரவெல்லாம் உறங்காமல் கிடந்ததை அவரால் தமிழில்தான் சொல்ல முடியும்.

கிறிஸ்தவ நிறுவனங்கள் மீது இப்போது இப்படி விமர்சனம் வைக்கலாமா என்று சில தோழர்கள் தயங்குகிறார்கள். தேவாலயங்கள் தாக்கப்படுகின்றன, மதமாற்றத் தடைச் சட்டங்கள் ஏவப்படுகின்றன, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களைக் கைப்பற்ற சங் பரிவாரம் காத்திருக்கிறது. எல்லாம் உண்மை. அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவை நாம் உறுதியாகக் காப்போம். ஆனால் அந்தப் பிரிவு ஒரு சமூகம் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைக் காக்கிறது, ஒரு முதல்வர் தன் மாணவரை மிரட்டும் உரிமையை அல்ல. 2015இல் இதே கல்லூரியில் இணைய வார இதழ் ஒன்றை நடத்திய மாணவரை இடைநீக்கம் செய்தபோது தில்லி உயர் நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்தியது. மாணவரின் வாயை அடைக்கும் நிர்வாகம் சங் பரிவாரத்தை எதிர்த்து நிற்க யாரைத் துணைக்கு அழைக்கப் போகிறது? அதோடு, வளாகத்தில் வழிபாட்டுக்கூடம் இருக்கட்டும், அதை நாடுகிற மாணவர் நாடட்டும். சிகிச்சை தேவைப்படுபவருக்கு ஜெபத்தைப் பரிந்துரைத்து அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். ஆர்எஸ்எஸ் ஆட்கள் ‘நேர்மறைச் சிந்தனை’, யோகா முகாம் என்று மத்தியப் பல்கலைக்கழகங்களில் செய்வதும் இதே வேலைதான். ஒன்றைக் கண்டித்து மற்றொன்றைக் கண்டும் காணாமல் விட முடியாது.

வரும் பருவம் தொடங்குவதற்குள் தில்லியில் உள்ள நம் மாணவர், ஆசிரியர் தோழர்கள் கல்லூரி கல்லூரியாகச் சென்று விவரம் திரட்ட வேண்டும். ஆலோசகர் உண்டா, எத்தனை மாணவருக்கு எத்தனை பேர், நிரந்தரமா ஒப்பந்தமா, எந்தெந்த மொழிகளில் பேசுவார், உதவித்தொகை எத்தனை மாதம் நிலுவை, விடுதியில் எத்தனை இடம், கடந்த ஆண்டு வருகைப்பதிவைக் காட்டித் தேர்வு மறுக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இடஒதுக்கீட்டில் வந்தவர்கள். அரசுக் கல்லூரி, அறக்கட்டளைக் கல்லூரி, கிறிஸ்தவக் கல்லூரி என்ற பேதமின்றி இந்தக் கணக்கு எடுக்கப்பட வேண்டும். கிடைக்கும் விவரங்களைத் தேசியப் பணிக்குழுவுக்கு அனுப்புவதோடு, அந்தந்தக் கல்லூரி வாயிலில் துண்டறிக்கையாகவும் கொடுக்க வேண்டும்.