ஊரடங்கு காலத்துக் காற்றும் நம் கடைக் கவர்களும்



சென்ற மாதம் ஒரு பள்ளி விழாவுக்கு நம்மை அழைத்திருந்தார்கள். அங்கே பேசிய அன்பர் ஒருவர், "வருடத்துக்கு ஒரு மாதம் ஊரடங்கு போட்டால் போதும், பூமி பிழைத்துக்கொள்ளும்" என்றார். பலத்த கைதட்டல். நாம் கை தட்டவில்லை. ஊரடங்கு என்றால் என்ன என்று ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள் நாம்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் வண்டி வாகனங்களும் ஆலைகளும் நின்றபோது காற்று சுத்தமானது. ஏப்ரலில் பஞ்சாப் மாநிலம் ஜலந்தரில் மொட்டை மாடியில் நின்றவர்களுக்கு இமயத்தின் தவுலாதார் மலைத்தொடர் கண்ணில் தெரிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் உலகம் ஒரு நாளில் வெளியிடும் கரியமில வாயு, முந்தைய ஆண்டின் நாள் சராசரியைவிடச் சுமார் 17 சதவீதம் குறைந்ததாக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

ஆனால் அதே 2020 மே மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தில் அளந்தபோது, காற்றில் உள்ள கரியமில வாயுவின் அளவு அதுவரை இல்லாத உயரத்தில் இருந்தது. இது எப்படி என்று படித்தவர்களே குழம்பினார்கள். பேரேடு எழுதும் நமக்கு இதில் குழப்பம் இல்லை. பழைய பாக்கி மலையாக நிற்கிறது. ஒரு மாதம் கடன் சரக்குக் குறைவாக எடுத்தால் பாக்கி ஏறும் வேகம் குறையுமே தவிர, பாக்கி குறையாது. அடுத்த ஆண்டே எல்லாம் ஓட ஆரம்பித்தது, புகையும் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சில வாரத் தெளிந்த வானத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? மூட்டை தூக்குகிறவர், தள்ளுவண்டிக்காரர், டீக்கடைக்காரர். சென்னையில் 2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. மழை பெய்து சேற்றில் அழுகிய காய்கறியைப் பார்த்தவர்கள் சுற்றுச்சூழலுக்கு அது நல்ல காலம் என்று சொல்ல மாட்டார்கள். நம் குடோனிலும் லாரி வராமல் ஒரு பக்கம் காலி, விற்பனை இல்லாமல் மறுபக்கம் புழுத்த பருப்பு. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றும் தெரியவில்லை.

சரி, பிறரைச் சொன்னது போதும். நம் பக்கத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. முதலில் முணுமுணுத்தோம். பிறகு பழகிக்கொண்டோம். காக்கித்தாள் பொட்டலமும் சணல் நூலும் மறுபடி கல்லாப் பக்கம் வந்தன. வாடிக்கையாளர்களும் பையோடு வர ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது. 2020 ஏப்ரல் 5 முதல் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான் மளிகைக் கடை. கூட்டம் சேரக்கூடாது. ஆகவே இரவோடு இரவாகச் சர்க்கரை, பருப்பு, ரவை எல்லாம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கவரில் கட்டி வைத்தோம். வாடிக்கையாளர் கொண்டுவந்த துணிப்பையைத் தொடவே பயந்தோம். அன்று அதுதான் சரி என்று பட்டது, அதற்காக யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது.

பொருள்களைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர்கள் பின்னால் தெளிவுபடுத்தினார்கள். பயம் போய்விட்டது. கவர் போகவில்லை! இதுதான் நமக்கு உறுத்துகிறது. காற்று சுத்தமானது சில வாரம். கவர் இத்தனை வருடமாக நம் மேஜையில் இருக்கிறது. மழை வந்தால் நம் கடை வாசல் சாக்கடையையே அது அடைக்கிறது.

அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. 2022இல் கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அபராதம் என்று வரும்போது சிறு கடைக்காரர்தான் எளிதில் கைக்கு அகப்படுகிறார், கவர் தயாரிக்கிற இடம் தப்பிவிடுகிறது. இதை நம் சங்கம் அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். அதற்காக நாம் கவரை வைத்துக்கொண்டே நியாயம் பேச முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவர் விற்க வருகிறவர், "இது 120 மைக்ரான், சட்டப்படி செல்லும்" என்பார். நம்பாதீர்கள். 120 மைக்ரான் என்பது மத்திய அரசின் விதி. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பை எவ்வளவு கனமானாலும் தடைதான். அபராதம் கட்டப்போவது அவர் அல்ல. அதே போல், பழைய செய்தித்தாளில் பஜ்ஜி, வடை மடிப்பதும் கூடாது, மை உணவில் ஒட்டும். காக்கித்தாளே நல்லது, விலை சற்றுக் கூடுதல்தான்.

நம் கடையில் தை முதல் தேதியிலிருந்து கைப்பை கொடுப்பதை நிறுத்திவிட்டோம். 'பை கொண்டு வரவும்' என்று பில்லில் முத்திரை குத்துகிறோம். சரக்கு வந்த சாக்கை நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்து, சில்லறைக் கடைக்காரர்களுக்கு அதிலேயே கட்டிக் கொடுக்கிறோம். முதல் வாரம் கவர் இல்லை என்றதும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் மறுநாளே பையோடு வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை, எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.